வணிகக் கட்டடத்தில் எரிவாயு டக்ட் ஃபர்னஸ்: பொருத்துவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

ஏற்கெனவே இயங்கிவரும் காற்றோட்ட டக்டில் (அறைகளுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் பெரிய குழாயில்) 100 கிலோவாட் எரிவாயு டக்ட் ஃபர்னஸ், அதாவது அந்தக் காற்றைச் சூடாக்கும் கருவி, ஒன்றைச் சேர்க்கத் திட்டமிட்டிருப்பதாகவும், காற்றைத் தள்ளும் பெரிய விசிறியான புளோயருக்கு முன்னால் தாராளமான இடம் இருப்பதால் அங்கேயே பொருத்திவிடலாம் என்று ஒப்பந்ததாரர் சொல்வதாகவும், பாதுகாப்பை முன்னிட்டு எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த இடத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். புளோயருக்கு முன்னால், அதாவது அது காற்றை உறிஞ்சும் பக்கத்தில், ஃபர்னஸைப் பொருத்த ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தக் குறிப்பிட்ட மாடல் உறிஞ்சும் பக்கத்துக்கும் உரியது என்று சான்று பெற்றிருந்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம். அத்தகைய மாடல்கள் குறைவு. வேறு இடம் இல்லையென்றால் டக்டின் போக்கை மாற்றியமைப்பதற்கான செலவை ஏற்பதே சரியான முடிவு.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. பல சூடேற்றிகளில் இருப்பது போன்ற, காற்றை வீசும் சொந்த விசிறி டக்ட் ஃபர்னஸுக்குக் கிடையாது. எரிவாயு எரியும் பர்னரும், அந்த வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் வெப்பப் பரிமாற்றியும் மட்டுமே அதில் உண்டு. வெப்பத்தை எடுத்துச் செல்லும் காற்று முழுவதையும் வேறோர் இடத்தில் இருக்கும் புளோயர்தான் அனுப்புகிறது. எனவே ஃபர்னஸ் தனியாகப் பார்க்கையில் குறையற்றதாக இருந்தாலும், அது இணைக்கப்படும் டக்ட், புளோயர், எரிவாயுக் குழாய், புகைபோக்கி ஆகியவற்றில் ஒன்று பிசகினாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. தொழிற்சாலையில் சான்று பெற்று வந்த கருவிதானே என்று இருந்துவிட முடியாது. அது பாதுகாப்பாக இயங்குமா இல்லையா என்பது பொருத்தும் இடத்தில்தான் முடிவாகிறது.

வெப்பப் பரிமாற்றியின் மெல்லிய உலோகச் சுவர்தான் எரிந்த புகையையும் மக்கள் சுவாசிக்கும் காற்றையும் பிரித்து வைக்கிறது. நாளுக்குப் பலமுறை சூடாகிக் குளிரும் அந்த உலோகம் சில ஆண்டுகளில் வளைவுகளிலும் பற்றவைத்த இடங்களிலும் விரிசல் விடக்கூடும். புளோயருக்குப் பின்னால், காற்று தள்ளப்படும் பக்கத்தில் ஃபர்னஸ் இருந்தால், சுவருக்கு வெளியே உள்ள காற்றின் அழுத்தம் உள்ளே இருக்கும் புகையின் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும். விரிசல் விழுந்தாலும் காற்றுதான் புகைப்பாதைக்குள் புகும். உறிஞ்சும் பக்கத்தில் வைத்தால் இது தலைகீழாகிவிடும். புகையும் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடும் டக்டுக்குள் இழுக்கப்பட்டு, புளோயர் வழியாகவே கட்டடத்தின் எல்லா அறைகளுக்கும் பரவிவிடும். புகையை இழுத்து வெளியேற்றும் சிறு விசிறி கொண்ட மாடல்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று சிலர் வாதிடுவதுண்டு. அந்தச் சிறு விசிறியின் இழுப்பைவிடப் பெரிய புளோயரின் உறிஞ்சல் பெரும்பாலும் வலுவாக இருக்கும் என்பதால் அந்த வாதம் நிற்காது. போதாக்குறைக்கு, சூடான காற்று முழுவதும் புளோயரின் மோட்டார், பெல்ட், பேரிங் ஆகியவற்றின் மீது பாய்ந்து அவற்றின் ஆயுளையும் குறைக்கும்.

அதே டக்டில் குளிரூட்டும் காயிலும் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளும்) இருந்தால், ஃபர்னஸ் காயிலுக்கு முன்னால் வர வேண்டும், அல்லது இரண்டும் பக்கப்பாதைகளாகப் பிரிக்கப்பட வேண்டும். காயிலைத் தாண்டிவரும் குளிர்ந்த ஈரக்காற்று வெப்பப் பரிமாற்றியின் மேல் பட்டால் அதன் உட்புறத்தில் நீர் பூத்து உலோகம் துருப்பிடிக்கும். வேறு வழியே இல்லாமல் காயிலுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டுமென்றால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பரிமாற்றியும் நீர் வடிவதற்கான வழியும் கொண்ட மாடலைத் தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு தேர்ந்தெடுக்க வேண்டும். குளிர்காலத்தில் வெளிக்காற்றை நேரடியாகச் சூடேற்றும் அமைப்புகளுக்கும் இது பொருந்தும். இயற்கை எரிவாயுவின் புகையிலுள்ள நீராவி சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே நீராக மாறத் தொடங்கும். உள்ளே வரும் காற்று மிகவும் குளிர்ந்திருந்தால் பரிமாற்றியின் சுவர் எளிதில் அந்த வெப்பநிலைக்கு இறங்கிவிடும்.

இனி காற்றின் அளவு. உங்கள் ஃபர்னஸ் 100 கிலோவாட் எரிவாயுவை எடுத்துக்கொண்டு 80 சதவீதத் திறனில் இயங்கினால் காற்றுக்கு 80 கிலோவாட் வெப்பம் சேரும். ஒரு விநாடிக்குப் பாயும் காற்றின் கன மீட்டரை 1.2-ஆலும், காற்று சூடாகும் டிகிரியாலும் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும் என்ற எளிய கணக்கின்படி, 40 டிகிரி உயர்வுக்கு மணிக்கு 6000 கன மீட்டர் காற்று தேவை. ஃபில்டர் அடைத்து அது 4000 ஆகக் குறைந்தால் உயர்வு 60 டிகிரியாகிவிடும். பெரும்பாலான மாடல்களில் தயாரிப்பாளர் அனுமதிக்கும் உயர்வு ஏறத்தாழ 10 முதல் 50 டிகிரிக்குள் அடங்கும். சரியான வரம்பு கருவியின் மேல் உள்ள விவரத் தகடான நேம்பிளேட்டில் இருக்கும். ஆகவே ஒப்பந்ததாரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் தாள், உங்கள் புளோயர் தரும் காற்றின் அளவை அளந்து எழுதிய அறிக்கை. வரைபடத்தில் போட்ட எண்ணை ஏற்க வேண்டாம். ஃபர்னஸைச் சேர்த்த பின் அது ஏற்படுத்தும் கூடுதல் தடையால் காற்று குறையும் என்பதால், பொருத்திய பிறகும் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். புளோயர் வேகம் மாறக்கூடியதாக இருந்தால், பர்னர் எரிய அனுமதிக்கப்படும் மிகக் குறைந்த வேகத்தில் அளந்த எண்தான் முக்கியம். காற்று வரம்புக்கு மேல் அதிகமாக இருந்தால், ஒரு பகுதியை ஃபர்னஸைச் சுற்றிவிடும் பக்க டக்ட் அமைக்கலாம்.

அளவு சரியாக இருந்தும் காற்று சீராகப் பரவாமல் போவதுண்டு. என் அனுபவத்தில் அதிகமாகக் கவனிக்கப்படாத குறை இதுதான். புளோயரின் வாயிலிருந்தோ டக்டின் கூரிய வளைவிலிருந்தோ வெளிவரும் காற்று ஒரு பக்கமாகவே பாயும். அதற்குச் சற்றுத் தள்ளி ஃபர்னஸ் இருந்தால், பரிமாற்றியின் ஒரு பாதி வெள்ளமாகக் காற்றைப் பெற்றுக் குளிர்ந்து நிற்க, மறுபாதி காற்றே படாமல் வேகும். இப்படிப் பொருத்தப்பட்ட ஒரு ஃபர்னஸை ஒரு பருவம் ஓடிய பின் டார்ச் விளக்கோடு டக்டுக்குள் எட்டிப் பார்த்தால் கதை தெளிவாகத் தெரியும்: ஒரு பக்கக் குழல்கள் புதிதாக வந்தபோது இருந்த வெள்ளி மினுமினுப்போடு இருக்கும், எதிர்ப்பக்கக் குழல்கள் முதலில் வைக்கோல் நிறமாகி, பிறகு நீலமும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக நிறம் மாறி, வளைவுகளில் மெல்லிய செதில்கள் உதிரத் தொடங்கியிருக்கும். விரிசல் விழப்போவது அங்கேதான். ஆகவே ஃபர்னஸுக்கு முன்னால் தயாரிப்பாளர் கேட்கும் நேரான டக்ட் நீளத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. வளைவைத் தவிர்க்க முடியாவிட்டால் அதற்குள் காற்றைத் திருப்பும் தகடுகளைப் பொருத்த வேண்டும். அப்படி எட்டிப் பார்ப்பதற்கே ஃபர்னஸின் இரு பக்கங்களிலும், காற்று நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும், கழற்றக்கூடிய சோதனை மூடிகள் டக்டில் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய எரிவாயு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 54 வலியுறுத்துகிறது. (இந்தப் பதிலில் நான் தரும் தூரங்களும் பரப்புகளும் பெரும்பாலும் அந்தத் தொகுப்பை ஒட்டியவை. உங்கள் நாட்டின் விதிகளும் ஃபர்னஸோடு வரும் கையேடும் வேறு அளவைச் சொன்னால் அவற்றையே பின்பற்றுங்கள்.)

காற்று நின்றுபோகும் நிலைக்கு இரண்டு காவல்கள் தேவை. முதலாவது, டக்டில் காற்று உண்மையாகவே ஓடுகிறது என்பதை அழுத்த வேறுபாட்டால் உணர்ந்த பிறகே பர்னரை எரிய விடும் ஸ்விட்ச். புளோயர் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது என்பதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளும் இணைப்பை ஏற்க வேண்டாம். பெல்ட் அறுந்தாலும் மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், டக்டை மறிக்கும் தீத்தடுப்பு மடலான டேம்பர் மூடிக்கொண்டாலும் அப்படித்தான். இரண்டாவது, வெளியேறும் காற்றோ பரிமாற்றியோ அளவுக்கு மீறிச் சூடானால் எரிவாயுவை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச். இவற்றோடு, பர்னர் அணைந்த பிறகும் பரிமாற்றியில் தேங்கிய வெப்பம் தணியும் வரை புளோயர் ஓரிரு நிமிடங்கள் ஓடும்படி தாமதம் வைக்க வேண்டும். கட்டடத்தின் தானியங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு மாலையில் மணியடித்தாற்போல் புளோயரை நிறுத்தும்போது இந்தத் தாமதம் பல இடங்களில் விடுபட்டுப்போகிறது. அதை அமைத்தவரையும் ஃபர்னஸைப் பொருத்துபவரையும் ஒரே நாளில் வரவழைத்துச் சோதிப்பது நல்லது.

அடுத்தது, எரிவதற்கான காற்று. டக்டில் ஓடும் காற்றுக்கும் இதற்கும் எந்தக் கலப்பும் இருக்கக் கூடாது. பர்னர் காற்றை எடுக்கும் வாயும், கட்டுப்பாடுகளும், புகையின் இழுவையைச் சீராக்கும் மூடாக்கும் டக்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ஃபர்னஸ் இருக்கும் அறையிலிருந்தே காற்றை எடுப்பதென்றால், ஒரு கிலோவாட்டுக்கு 4.8 கன மீட்டர் என்ற வழக்கமான கணக்குப்படி உங்கள் கருவிக்கு 480 கன மீட்டர் கொள்ளளவு வேண்டும்; அதாவது 4 மீட்டர் உயரமுள்ள கூடத்தில் 120 சதுர மீட்டர் தரை. அதற்குக் குறைவான அறையாக இருந்தால், கூரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் ஒன்றும் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் ஒன்றுமாக இரண்டு திறப்புகள் தேவை. அவை நேராக வெளியே திறந்தால் ஒவ்வொன்றும் கிலோவாட்டுக்கு 550 சதுர மில்லிமீட்டர் வீதம், உங்கள் கணக்கில் 55,000 சதுர மில்லிமீட்டர் வரும். பக்கத்து அறைகளுக்குள் திறந்தால் நான்கு மடங்கு வேண்டும். இவை காற்று தடையின்றிப் போகும் பரப்பு. திறப்பில் மரச்சட்ட லூவர் (சாய்ந்த பட்டைகள் கொண்ட மூடி) பொருத்தினால் அதன் கால் பங்கு மட்டுமே திறந்த பரப்பாகக் கணக்கிடப்படும். உலோக லூவரில் முக்கால் பங்கு.

திறப்பு போதுமானதாக இருந்தும், கட்டடத்தின் பெரிய எக்சாஸ்ட் விசிறிகள் உட்புறத்தைக் குறையழுத்தத்தில் வைத்திருந்தால் புகைபோக்கி வழியாக வெளிக்காற்று உள்ளே இறங்கும். புகை வெளியே போகாமல் அறையிலேயே தங்கும். சமையற்கூடம், பெயின்ட் அறை, பட்டறை போன்றவை இருக்கும் கட்டடங்களில் நான் எப்போதும் பரிந்துரைப்பது, எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து தனிக் குழாயில் எடுத்து, புகையையும் தனிக் குழாயில் வெளியே தள்ளும் மூடிய வகை ஃபர்னஸ். விலை கூடினாலும் அறையின் அழுத்தத்தைப் பற்றிய கவலை பெருமளவு நீங்கிவிடும். குளோரின் கலந்த கரைப்பான்கள், பெயின்ட் நீக்கிகள், உலர்சலவை வேதிப்பொருள்கள் ஆகியவற்றின் ஆவி இருக்கும் இடங்களில் இது இன்னும் அவசியம்; அந்த ஆவி தீச்சுடரில் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிப் பரிமாற்றியை அரித்துவிடும். எளிதில் தீப்பற்றும் ஆவி சூழ்ந்த அறைக்குள் மட்டும், எந்த வகையாக இருந்தாலும், ஃபர்னஸை வைக்கவே கூடாது.

புகைபோக்கியில் முதலில் பார்க்க வேண்டியது வகைப் பொருத்தம். இயற்கை இழுவையில் இயங்கும் கருவிக்கான இரட்டைச் சுவர்க் குழாயை, புகையை விசிறியால் அழுத்தித் தள்ளும் கருவிக்கு மாட்டினால் இணைப்புகள் தோறும் புகை கசியும். அதற்கு இணைப்புகள் காற்றுப்புகாமல் மூடும் வகை தேவை. இயற்கை இழுவைக் குழாய் கிடையாகப் போகுமிடத்தில் மீட்டருக்கு 20 மில்லிமீட்டராவது மேல்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். விசிறி கொண்ட கருவியின் குழாய் சுவர் வழியாக வெளியேறினால், அதன் வாய் கதவு, சன்னல் ஆகியவற்றிலிருந்து பக்கவாட்டிலும் கீழ்ப்புறமும் 1.2 மீட்டர் விலகியோ 30 சென்டிமீட்டர் மேலேயோ இருக்க வேண்டும். 3 மீட்டருக்குள் விசிறியால் காற்றை உறிஞ்சும் வெளிவாய் ஏதேனும் இருந்தால் அதைவிட 90 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி அளவை மேல்தளத்தில் டேப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கள், ஏனெனில் பின்னாளில் வேறொருவர் புதிய ஏசி அலகை அங்கே கொண்டுவந்து வைக்கும்போது மீறப்படுவதும் இதுதான். அடிப்பகுதி நிறுவிய தரையிலிருந்து எவ்வளவு உயரம், எரியக்கூடிய பொருள்களிலிருந்து எவ்வளவு விலகல், தொங்கவிடும் கம்பிகள் எவ்வளவு தடிமன் என்பவையெல்லாம் மாடலுக்கு மாடல் வேறுபடும். கையேட்டில் உள்ளபடி செய்தால் போதும். பர்னரை வெளியே இழுத்து எடுக்கும் அளவுக்குப் பக்கத்தில் இடம் விட மட்டும் மறக்க வேண்டாம்.

எரிவாயுக் குழாய்க்கு வருவோம். இயற்கை எரிவாயுவில் பர்னருக்குப் போகும் குழாயிலுள்ள அழுத்தம் (மேனிஃபோல்டு அழுத்தம்) வழக்கமாக 0.87 கிலோபாஸ்கல், புரொப்பேனில் 2.5. கருவியின் நுழைவாயிலில் வால்வு தாங்கக்கூடிய உச்சம் பொதுவாக 3.5 கிலோபாஸ்கல். வாயுவின் வகை மாறினால் வாயு வெளிவரும் சிறு துளையான ஆரிஃபிஸையும் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரையும் தயாரிப்பாளரின் மாற்றுத் தொகுதியால்தான் மாற்ற வேண்டும். ஒரே கன அளவில் புரொப்பேன் இயற்கை எரிவாயுவைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் தரும் என்பதால், மாற்றாமல் எரித்தால் கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் கிளம்பும். கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 4 சதவீதம் வீதம் திறனைக் குறைத்துக் கணக்கிட வேண்டும். ஃபர்னஸுக்கு அருகிலேயே, 1.8 மீட்டருக்குள், ஒரு கைவால்வும், அதற்கும் ஃபர்னஸுக்கும் இடையில் குழாயைக் கழற்ற உதவும் யூனியன் இணைப்பும், குழாயில் வரும் துருவும் ஈரமும் தங்கிவிட குறைந்தது 75 மில்லிமீட்டர் நீளத்தில் முனை மூடிய ஒரு கீழ்க்குழாய்த் துண்டும் வேண்டும்.

கசிவுச் சோதனையில் ஒரு விஷயம் அடிக்கடி தவறவிடப்படுகிறது. குழாயை 3.5 கிலோபாஸ்கலுக்கு மேல் அழுத்தி சோதிப்பதானால், ஃபர்னஸையும் அதன் கைவால்வையும் முழுமையாகக் கழற்றிவிட்டுக் குழாயின் முனையை மூடியே சோதிக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் எரிவாயு வால்வு சேதமடைந்து, பின்னாளில் முழுதாக மூடாமல் போகும். அதற்குக் குறைவான அழுத்தமானால் கைவால்வை மூடினால் போதும். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புக் கரைசலைத் தூரிகையால் பூசிக் காத்திருக்க வேண்டும். பெரிய கசிவு உடனே நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். சிறு கசிவோ திருகுமறையின் விளிம்பில் கடுகளவு குமிழ் ஒன்று மெல்லப் பெருத்து உடைவதாக மட்டுமே தெரியும். அவசரமாகக் கடந்து போகிறவர்களின் கண்ணில் அது படாது. தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிக்கும் பழக்கமுள்ளவர் எவரானாலும் அவரை வேலையிலிருந்து அப்போதே நிறுத்திவிடுங்கள்.

புதிய குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றி எரிவாயுவை நிரப்பும் கட்டம்தான் என் மனதுக்கு மிகவும் அச்சம் தருவது. 2009 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கார்னர் என்ற ஊரில் உள்ள உணவுத் தொழிற்சாலையில் புதிய எரிவாயு நீர்ச்சூடேற்றி ஒன்றைப் பொருத்தும்போது, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றும் முனையைக் கட்டடத்துக்குள்ளேயே திறந்துவிட்டார்கள். வாயு சேர்வதை மூக்கால் உணர்ந்துகொள்ளலாம் என்று நம்பியிருந்தார்கள். சேர்ந்த வாயு வெடித்துக் கட்டடத்தின் பெரும்பகுதி இடிந்தது. 4 தொழிலாளர்கள் உயிரிழந்தனர், 67 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, காற்றை வெளியேற்றும் முனை கட்டடத்துக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும், வாயுவைக் கருவியால் கண்காணிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. எரிவாயு விதித்தொகுப்பும் பின்னர் கடுமையாக்கப்பட்டது. எரிவாயுவில் கலக்கப்படும் வாசனைப் பொருளைப் புதிய இரும்புக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். சற்று நேரம் முகர்ந்தாலே மூக்கும் அந்த வாசனைக்குப் பழகிவிடும். இயற்கை எரிவாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கக்கூடியது. புரொப்பேன் 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான புரொப்பேன் தரையை ஒட்டிப் பள்ளங்களில் தேங்கும். மேலே ஏறும் இயற்கை எரிவாயு உட்கூரைக்குள் தங்கும். ஆகவே குழாயை வெளியே வரை நீட்டியே காற்றை வெளியேற்ற வேண்டும், கேஸ் டிடெக்டர் அருகில் இருக்க வேண்டும், அந்தக் கட்டடத்தில் அவசியமற்றவர் எவரும் அப்போது இருக்கக் கூடாது. இதற்கென ஒரு நேரத்தைக் குறித்து, உங்கள் தரப்பில் ஒருவர் நேரில் நின்று பார்ப்பது தகும்.

பொருத்தி முடித்ததும் வெப்பம் வருகிறது என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டாம். நேம்பிளேட்டில் உள்ள அளவு எரிவாயுதான் எரிகிறதா என்பதை மீட்டரில் நேரம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்; 100 கிலோவாட் இயற்கை எரிவாயுவில் அது மணிக்கு ஏறத்தாழ 9.5 கன மீட்டர். மேனிஃபோல்டு அழுத்தத்தை அழுத்தமானியான மானோமீட்டரில் காட்டச் சொல்லுங்கள். புகையைப் பகுப்பாய்வுக் கருவியால் சோதித்து, அதிகப்படிக் காற்றைக் கழித்துக் கணக்கிட்ட கார்பன் மோனாக்சைடு அளவை எழுதி வாங்குங்கள்: அமெரிக்கத் தரநிலைகள் வைத்திருக்கும் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 400 பங்கு, ஆனால் நன்றாகச் சீரமைத்த பர்னர் 100-க்கும் கீழே இருக்கும், அதற்கு மேல் காட்டினால் காரணத்தைத் தேடச் சொல்வேன். பிறகு காற்றைப் படிப்படியாக அடைத்து, லிமிட் ஸ்விட்ச் பர்னரை அணைக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்துகொண்டிருக்கையில் கைவால்வை மூடி, சுடர் அணைந்ததைக் கருவி உணர்ந்து தன் வால்வையும் மூடிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போது டக்டில் ஓடும் காற்றைக் கூட்டியும் குறைத்தும் சுடரைக் கவனியுங்கள். காற்று கூடியதும் சுடர் தள்ளாடினால் பரிமாற்றியில் துளையோ விரிசலோ இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஆண்டுதோறும் குளிர்காலம் தொடங்குமுன் செய்ய வேண்டிய சோதனையிலும் இதையே முதலில் செய்யச் சொல்லுங்கள்.

இவை அனைத்தையும் எரிவாயு வேலைக்கு உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது கேட்பதும், எழுதி வாங்குவதும், அந்தத் தாள்களை ஃபர்னஸின் கையேட்டோடு கட்டடத்திலேயே வைத்திருப்பதும். ஃபர்னஸ் அடிக்கடி அணைந்து லிமிட் ஸ்விட்ச் திரும்பத் திரும்பத் துண்டித்தால், பணியாளர்கள் அந்த ஸ்விட்சின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து ஓட்டத் தூண்டப்படுவார்கள். குளிரில் புகார்கள் குவியும்போது அது எளிய வழியாகத் தோன்றும். ஸ்விட்ச் துண்டிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு ஃபில்டரோ, தளர்ந்த பெல்ட்டோ, பாதி மூடிய டேம்பரோதான். அப்படி ஒரு கம்பியை எப்போது கண்டாலும், யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் முதலில் கைவால்வை மூடிவிடுங்கள்.